சந்திரசேகரின் லட்சியத்துக்கு யார் விலை கொடுத்தார்கள்?

நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் கதையைத் தமிழ்நாட்டு மேடைகளில் சொல்பவர்கள் பெரும்பாலும் கப்பலில்தான் தொடங்குவார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்த 19 வயது இளைஞர் 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறுகிறார். எரிந்து ஓய்ந்த ஒரு நட்சத்திரம் எவ்வளவு நிறை வரை நொறுங்காமல் நிலைத்திருக்க முடியும் என்று கடற்பயணத்திலேயே கணக்குப் போடுகிறார். அடுத்த காட்சி 1983, ஸ்டாக்ஹோம். கைத்தட்டலோடு கதை முடிந்துவிடுகிறது.

இடையில் 53 ஆண்டுகள் இருக்கின்றன. அவற்றில் முதல் ஏழு ஆண்டுகளைத்தான் இன்று முனைவர் பட்டத்துக்கோ குடிமைப் பணித் தேர்வுக்கோ முதல் வேலைக்கோ முட்டி மோதிக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஏழு ஆண்டுகளில் சந்திரா தாயை இழந்தார். இறுதிச் சடங்குக்குக்கூட வர முடியவில்லை. தன் திறமையின் மீதே நம்பிக்கை தளர்ந்தார். உலகம் கொண்டாடிய ஒரு வானியலாளர் அவரை நிறைந்த சபையில் கேலி செய்தார். ஒரு காதலை ஆறு ஆண்டுகள் கடிதங்களிலேயே காப்பாற்றினார். அந்தக் காதல் திருமணத்தில் முடிந்தபோது, ஓர் இயற்பியல் மாணவி தன் இயற்பியலை விட்டுக்கொடுத்தார்.

படிப்பு, வேலை, காதல், கல்யாணம், பெற்றோரின் உடல்நலம் என எல்லாமே இருபதுகளில் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. அதைச் சமாளிக்கத் திணறும் இளைஞர்களுக்கு நம் சமூகம் கையில் கொடுப்பது ஒரே ஓர் அறிவுரைதான்: தன்னம்பிக்கையோடு இரு, நேரத்தைச் சரியாகத் திட்டமிடு. திணறலின் முழுப் பொறுப்பையும் அவர்கள் மனதின் மேல் சுமத்துகிற அறிவுரை இது. சந்திராவின் வாழ்க்கை வேறொன்றைக் காட்டுகிறது. இளம் வயதின் சுய ஐயத்தில் பெரும்பங்கு வெளியிலிருந்து வருகிறது. ஒருவரின் லட்சியம் நிறைவேறும்போது அதற்கான விலையைப் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் இன்னொருவர் கட்டுகிறார். இந்த இரண்டையும் பேசாமல் வாழ்க்கையையும் வேலையையும் சமன் செய்வது பற்றிப் பேசுவதில் பயன் இல்லை.

சந்திராவின் தந்தை சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரி. மூத்த மகன் ஐ.சி.எஸ். தேறி அரசுப் பணிக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பத்தில் இதைவிட உயர்ந்த கனவு இல்லை. இன்றைக்கும் பல வீடுகளில் நிலைமை அவ்வளவாக மாறிவிடவில்லை. அப்பாவின் தம்பி சி.வி.ராமனோ அரசுக் கணக்குத் துறை வேலையை உதறிவிட்டு அறிவியலுக்குப் போனவர். சந்திரா இங்கிலாந்து போய்ச் சேர்ந்த அதே 1930இல்தான் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பக்கம் தந்தை காட்டிய பாதை, இன்னொரு பக்கம் சித்தப்பா எழுப்பிவிட்ட உயரம். நடுவில் நின்ற பையனுக்குத் துணையாக இருந்தவர் தாய் சீதாலட்சுமி. இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழாக்கியவர் அவர். மகன் தனக்குப் பிடித்ததைத்தான் படிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

மகனுக்கு இங்கிலாந்து செல்ல அரசு உதவித்தொகை கிடைத்த நேரத்தில் அந்தத் தாய் நோயில் படுத்திருந்தார். பயணத்தை ரத்து செய்துவிடலாமா என்று தயங்கிய மகனை, போய்த்தான் ஆக வேண்டும் என்று அனுப்பிவைத்தவரும் அவரே. 1931 மே மாதம் அவர் இறந்தார். சந்திரா அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார். கப்பலில் வந்து சேரவே வாரக்கணக்கில் ஆகும் காலம் அது. அதற்குப் பின் ஐந்து ஆண்டுகள் கழித்து, 1936இல்தான் அவர் மீண்டும் சென்னை மண்ணை மிதித்தார்.

வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இந்த வேதனை அந்நியமானதல்ல. விமானம் வந்துவிட்டது, ஆனால் விசா, விடுப்பு, பணம் என்று வேறு கடல்கள் குறுக்கே கிடக்கின்றன. வீட்டில் ஒருவர் நோயில் கிடக்கும்போது ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவரின் மனதில் ஓடுவதை எந்தத் திட்ட அட்டவணையாலும் சரிசெய்ய முடியாது.

கேம்பிரிட்ஜ் சந்திராவை இன்னொரு விதத்திலும் அலைக்கழித்தது. சென்னையில் அவர் பதின்ம வயதிலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியவர், கல்லூரியே பெருமைப்பட்ட மாணவர். இங்கேயோ சுற்றிலும் டிராக், எடிங்டன், ரூதர்ஃபோர்டு போன்ற பெயர்கள். தான் செய்வது உண்மையான இயற்பியல்தானா, கோட்பாட்டு இயற்பியலுக்குப் போயிருக்க வேண்டாமா என்ற கேள்வி அவரை அரித்தது. அந்தத் தேடலில் 1932இல் கோபன்ஹேகனுக்குப் போய், நீல்ஸ் போரின் நிறுவனத்தில் தங்கிப் பார்த்தார். 1933இல் முனைவர் பட்டம் வந்தது. டிரினிட்டி கல்லூரியில் ஆய்வுத் தோழராகத் தேர்ந்தெடுக்கப்படுவோம் என்ற நம்பிக்கை அவருக்கே இல்லை. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு முன்னால் அந்தக் கௌரவத்தைப் பெற்ற இந்தியர் ஒருவர்தான்: 1918இல் சீனிவாச ராமானுஜன்.

இவ்வளவு பெரிய அங்கீகாரத்துக்குப் பின்னும் ஐயம் விலகவில்லை. விலகாததற்கு 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் நடந்தது ஒரு முக்கியக் காரணம்.

அன்றைய நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள, அதற்கு ஆறேழு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் நடந்த இன்னொரு சந்திப்பை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்டு சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்திருந்தார். அவருடைய புத்தகத்தை ஊன்றிப் படித்திருந்த சந்திரா, தங்கியிருந்த இடத்துக்கே தேடிப்போய் அவரைப் பார்த்தார். பெரியவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்: அந்தப் புத்தகம் வெளிவந்த பிறகு குவாண்டம் இயற்பியலே அடியோடு மாறிவிட்டது, நீ படித்ததெல்லாம் பழையதாகிவிட்டது என்றார். எந்த மாணவரையும் நிலைகுலைய வைக்கும் செய்தி. ஆனால் சாமர்ஃபெல்டு அதோடு நிறுத்தவில்லை. புதிய புள்ளியியலைப் பயன்படுத்தித் தான் எழுதி, இன்னும் அச்சேறாமல் இருந்த கட்டுரையின் அச்சுப்படியை அந்தப் பையன் கையில் கொடுத்தார். சந்திரா அதைக் கரைத்துக் குடித்தார். சில மாதங்களில் தன் சொந்தக் கட்டுரையை எழுதினார். அது லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது.

1935இல் நடந்ததோ நேர்மாறு. எரிந்து ஓய்ந்த நட்சத்திரங்களான வெண்குறு மீன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்ற தன் முடிவை, துல்லியமான கணக்குகளோடு லண்டன் அரச வானியல் கழகத்தில் சந்திரா முன்வைத்தார். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று அறியப்படும் வரம்பு அது. அதற்கு முந்தைய மாதங்களில், உலகம் கொண்டாடிய வானியலாளர் ஆர்தர் எடிங்டன் அவர் அறைக்கு அடிக்கடி வந்து, வேலை எதுவரை வந்திருக்கிறது என்று விசாரித்துப் போனவர். மறுப்பு இருப்பதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சந்திரா பேசி முடித்ததும் எடிங்டன் எழுந்தார். நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதை இயற்கையே தடுத்துவிடும் என்ற தோரணையில் பேசினார். சபை சிரித்தது. பதில் சொல்ல 24 வயது இளைஞருக்கு வாய்ப்பு தரப்படவில்லை. தலைவர் அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டார்.

கணக்கு சரிதான் என்று இயற்பியலின் பெரிய தலைகள் தனிப்பட்ட முறையில் சந்திராவிடம் சொன்னார்கள். பாலி, ரோசன்ஃபெல்டு, போர் ஆகியோர் அவர் பக்கம்தான் நியாயம் என்று அறிந்திருந்தார்கள். பகிரங்கமாக அதைச் சொல்லி எடிங்டனோடு மோத அவர்களுக்கு மனமில்லை. விவாதம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் சந்திரா தன் கண்டுபிடிப்புகளை 1939இல் ஒரு புத்தகமாக எழுதி முடித்துவிட்டு அந்தத் துறையிலிருந்து நகர்ந்து, நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கத்தைப் பற்றிய ஆய்வுக்குப் போனார்.

ஒரே மனிதர், இரண்டு அடிகள். முதல் அடி அவரைக் கட்டுரை எழுத வைத்தது. இரண்டாவது அடி அவரைத் தன் கண்டுபிடிப்பிலிருந்தே விலகிப் போக வைத்தது. இடைப்பட்ட காலத்தில் சந்திராவின் மன உறுதி குறைந்துவிடவில்லை. எதிரில் இருந்த பெரியவர் நடந்துகொண்ட விதமும், சுற்றியிருந்தவர்கள் பேசினார்களா, மௌனம் காத்தார்களா என்பதும்தான் வேறுபட்டன. தவறைச் சுட்டிக்காட்டும் ஆசிரியர் அடுத்த படியையும் காட்டினால் ஐயம் உழைப்பாக மாறுகிறது. சிரித்துவிட்டு நகர்ந்தால் அது உள்ளே தங்கிவிடுகிறது.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2018இல் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம் எடுக்கப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் முனைவர் பட்ட மாணவர்கள். ஏறத்தாழ 39 சதவீதத்தினரிடம் நடுத்தரம் முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வு தெரிந்தது. பொது மக்களிடையே இந்த அளவு 6 சதவீதம்தான். தாமாக முன்வந்து பதில் அளித்தவர்கள் என்பதால் எண்ணிக்கையைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அந்த ஆய்வு சுட்டிய இரண்டு தொடர்புகளைப் புறந்தள்ள முடியாது: நெறியாளரோடு நல்லுறவு இல்லாதவர்களிடமும், வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையே சமநிலை இல்லை என்று சொன்னவர்களிடமும் பாதிப்பு கூடுதலாக இருந்தது.

தகுதி இருந்தும் தன்னை ஒரு போலியாக உணர்கிற மனநிலைக்கு 1978இல் பெயர் கொடுத்தவர்கள் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். படிப்பிலும் தொழிலிலும் சாதித்த 150க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்து அவர்கள் எழுதினார்கள். பட்டமும் பதவியும் இருந்தும், இதெல்லாம் அதிர்ஷ்டத்தால் வந்தது, ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அந்தப் பெண்கள் அஞ்சினார்கள். பிற்பாடு ஆண்களிடமும் இது பரவலாக இருப்பது தெரியவந்தது. குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழையும் தமிழ்நாட்டு மாணவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வகுப்பில் மற்றவர்கள் ஆங்கிலத்தில் சரளமாகக் கேள்வி கேட்கும்போது தனக்கு வாய் வராதது அறிவுக் குறைவு என்று அவர் நினைத்துக்கொள்கிறார். அவர் அப்படி நினைப்பதற்கான ஏற்பாடுகளை வகுப்பறையும் நேர்காணல் அறையும்தான் செய்து வைத்திருக்கின்றன.

இனி, சந்திராவை மணந்த அந்த இயற்பியல் மாணவி லலிதாவின் பக்கம்.

லலிதா துரைசாமியும் 1910இல் பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர், சந்திராவுக்கு ஓராண்டு பின்னால். அவருடைய பெரியம்மா சகோதரி சுப்பலட்சுமி. இளம் வயதில் கைம்பெண்ணாகி, 1911இல் பட்டம் பெற்று, சென்னையில் இளம் கைம்பெண்களுக்காக இல்லமும் பள்ளியும் நடத்தியவர் அவர். பெண்கள் படித்தே தீர வேண்டும் என்பதை உயிர்மூச்சாகக் கொண்ட அந்த வீட்டில் வளர்ந்த லலிதா முதுகலைப் பட்டம் பெற்றார், ஆசிரியப் பணி செய்தார், பெங்களூரில் ராமனின் ஆய்வகத்திலும் வேலை பார்த்தார். சந்திராவோடு பெரியவர்கள் பார்த்து முடிவு செய்த சம்பந்தம் அல்ல இது. கல்லூரியில் பூத்த நேசம். 1936 செப்டம்பரில் திருமணம் நடந்தது. 1937 தொடக்கத்தில் இருவரும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வில்லியம்ஸ் பே என்ற சிற்றூரில் இருக்கும் யெர்க்கிஸ் வானாய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே லலிதாவுக்குப் படிப்பைத் தொடரும் ஆசை இருந்தது. தொடரவில்லை. ஆய்வில் மூழ்கிக் கிடந்த கணவருக்கு வீட்டையும் வாழ்க்கையையும் தாங்கிப் பிடிக்கும் பொறுப்பைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார். சந்திரா நட்சத்திர இயக்கவியல், கதிர்வீச்சுப் பரவல், பாய்ம நிலைப்பு, கருந்துளைகள் என்று ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒரு துறையாகப் புகுந்து, ஒவ்வொன்றிலும் தலையாய நூல் எழுதினார். 1952 முதல் 1971 வரை ‘அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்’ இதழின் ஆசிரியராகவும் உழைத்தார். ஒரு மனிதரால் இத்தனையும் எப்படி முடிந்தது என்று வியப்பவர்கள், அந்த வீட்டில் இன்னோர் இயற்பியல் முதுகலைப் பட்டதாரி இருந்தார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். லலிதா அதை விரும்பித்தான் செய்தார். அவர்களுடைய இல்லறம் அன்பானது என்பதில் ஐயமில்லை. ஆனால் யார் படிப்பது, யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி அந்த வீட்டில் இன்னொரு விதமாக விடை பெற்றிருக்கலாம் என்று கற்பனை செய்யக்கூட அந்தக் காலம் இடம் தரவில்லை. 2013இல், 102 வயதில் லலிதா காலமானார்.

அவர் தலைமுறையில் அறிவியலைப் பற்றிக்கொண்டு நின்ற பெண்களின் வாழ்க்கையைப் பார்த்தால் அந்தக் காலத்தின் கணக்கு இன்னும் தெளிவாகும். சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவரான தாவரவியலாளர் ஜானகி அம்மாள், பின்னர் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர், திருமணம் செய்துகொள்ளவில்லை. மாநிலக் கல்லூரியில் படித்து ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்த அன்னா மாணியும் செய்துகொள்ளவில்லை. ஐந்து கட்டுரைகள் எழுதி ஆய்வேட்டையும் சமர்ப்பித்தவருக்கு, முதுகலைப் பட்டம் இல்லை என்று காரணம் காட்டி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. பிற்பாடு அவர் இந்திய வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார். கமலா சோஹோனி 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காகவே ராமன் மறுத்தார். கமலா விடாப்பிடியாக நின்றதால் ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு இடம் கொடுத்தார். 1939இல் அதே கமலா கேம்பிரிட்ஜில் முனைவர் ஆனார்.

ஆக, அந்தத் தலைமுறைப் பெண்ணுக்கு முன்னால் பெரும்பாலும் இரண்டு கதவுகளே திறந்திருந்தன: ஒன்று அறிவியல், இன்னொன்று குடும்பம். இரண்டிலும் நுழைந்த சிலருக்கு ஏதோ ஒரு கை தாங்கியிருக்கிறது. கொல்கத்தா வேதியியலாளர் அசீமா சட்டர்ஜி 1947இல் ஆய்வுக்காக அமெரிக்கா போனபோது, ஒரு வயதுகூட நிரம்பாத மகளையும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணியையும் உடன் அழைத்துப் போனார். திறமையோடு அந்த ஏற்பாடும் சேர்ந்துதான் அவரை ஆய்வகத்தில் நிறுத்தியது.

சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனின் வீட்டிலும் இப்படி ஒரு விட்டுக்கொடுத்தல் நடந்திருக்கிறது. அவருடைய தாய் ராஜலட்சுமி 1959இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வெறும் 18 மாதங்களில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். திரும்பி வந்து பரோடாவில் கணவரின் உயிர்வேதியியல் துறை சார்ந்து, ஊட்டச்சத்து ஆய்வுக்கு மாறினார். படித்த துறை ஒன்று, வேலை பார்த்த துறை வேறொன்று. அந்த மாற்றத்திலும் அவர் சாதித்தார் என்பது அவருடைய பெருமை.

வெங்கியின் இளமைக்காலத்தையும் நம் மாணவர்கள் முழுதாகத் தெரிந்துகொள்வது நல்லது. ஐ.ஐ.டி.யிலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பரோடாவில் இளங்கலை இயற்பியல் முடித்து, 1976இல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் ஆனார். பட்டத்தைக் கையில் வாங்கியபோது, இந்தத் துறை தனக்கானது அல்ல என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். முனைவர் ஆனவர் மறுபடியும் மாணவராகி, சான்டியாகோவில் உயிரியல் வகுப்புகளில் உட்கார்ந்தார். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தார்கள். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு. அங்கிருந்து ஏறத்தாழ 50 கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஆசிரியர் பணி கேட்டு எழுதினார், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1999இல் கேம்பிரிட்ஜுக்குப் போனபோது சம்பளம் குறைவு என்று தெரிந்தே போனார். 2009இல் வேதியியல் நோபல்.

இதை விடாமுயற்சியின் வெற்றி என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஊர் ஊராக மாறிய அந்தக் குடும்பத்தில் அவர் மனைவி வேரா ரோசன்பெரி இருந்தார். குழந்தைகளுக்கான நூல்களை எழுதி, படம் வரைபவர். வீட்டிலிருந்து செய்யக்கூடிய தொழில். கணவரின் வேலை எங்கே கொண்டுபோனாலும் கூடவே போகக்கூடிய தொழில் மனைவிக்கு அமைந்திருந்தது. எல்லா வீட்டிலும் அப்படி அமையுமா? அவரும் ஆய்வகமோ மருத்துவமனையோ தேவைப்படும் வேலையில் இருந்திருந்தால் சான்டியாகோவுக்குப் போகும் முடிவை இருவரும் அவ்வளவு எளிதில் எடுத்திருக்க முடியுமா?

இவ்வளவு பெரிய சாதனைக்கு முழு வாழ்க்கையையும் கொடுத்துத்தான் ஆக வேண்டும், சமநிலை என்பது சாதாரண மனிதர்களுக்கான பேச்சு என்று ஒரு வாதம் உண்டு. அதை வலுவாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நாட்டை உயர்த்த இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி சொன்னார். 2025 தொடக்கத்தில் எல் அண்டு டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் அதை 90 மணி நேரமாக உயர்த்திப் பேசியது பெரும் சர்ச்சையானது. இந்த மணிக்கணக்கைச் சொல்பவர்கள், அந்த நேரத்தில் சமையல், பிள்ளை, வயதானவர்களை யார் பார்ப்பார்கள் என்பதற்குக் கணக்குச் சொல்வதில்லை. 90 மணி நேரம் அலுவலகத்தில் இருக்கும் ஒருவருக்கு வீட்டில் சம்பளமில்லாத இன்னொருவர் தேவை. தமிழ்நாட்டில் அந்த இன்னொருவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

உழைப்பின் பெயரால் வைக்கப்படும் இந்த வாதத்துக்குச் சந்திராவே முதுமையில் பதில் சொல்லியிருக்கிறார். தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய காமேஸ்வர் வாலியிடம் பேசும்போது, ஒற்றை நோக்கத்தோடு அறிவியலைத் துரத்தியதில் இலக்கியம், இசை, பயணம் என்று எத்தனையோ கைநழுவிப்போனதை மனம்விட்டுச் சொன்னார். வாழ்க்கை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. நோபல் பரிசு அந்த வருத்தத்தை அழித்துவிடவில்லை. அவர் உழைத்ததற்காக யாரும் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் இளைஞர்களுக்கு அவரை முன்மாதிரியாகக் காட்டுபவர்கள் இந்தப் பகுதியை மறைத்துவிட்டு மீதியை மட்டும் காட்டுவது நேர்மையல்ல.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பேச்சு ஏன் அவசரம்? 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4, தமிழ்நாட்டில் 47. பெண்களும் ஆண்களுக்கு ஏறக்குறைய சமமாகவே கல்லூரிக்குள் வந்துவிட்டார்கள். பட்டம் பெற்ற இத்தனை இளைஞர்களும் தங்கள் இருபதுகளை எப்படிக் கழிக்கிறார்கள் என்பது இனி ஒவ்வொரு வீட்டின் தனிக்கவலை மட்டும் அல்ல. மாநிலத்தின் எதிர்காலம் அதில்தான் இருக்கிறது.

குடிமைப் பணித் தேர்வையே எடுத்துக்கொள்ளலாம். பொதுப்பிரிவினருக்கு 32 வயது வரை ஆறு முறை எழுத வாய்ப்பு. இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 35 வயது வரை ஒன்பது முறை. விண்ணப்பிப்பவர்கள் பல லட்சம். இறுதியில் பணி கிடைப்பது சுமார் ஆயிரம் பேருக்கு. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் அண்ணா நகரின் பயிற்சி மையங்களிலும் இருபதுகளைக் கழிக்கும் இளைஞர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த ஆயிரத்துக்குள் வரப்போவதில்லை. அவர்கள் திறமையற்றவர்களா என்றால் இல்லை; இடங்கள்தான் அவ்வளவு. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் தேர்வாகும் ஆயிரம் பேருக்கு மாநில அரசு மாதம் 7,500 ரூபாய் கொடுப்பது நல்ல தொடக்கம். அதே அளவு அக்கறை, நான்காவது முயற்சியோடு நிறுத்திக்கொள்ள நினைக்கும் 28 வயதுக்காரருக்கும் வேண்டும். அவர் அடுத்து எந்த வேலைக்குப் போகலாம், இத்தனை ஆண்டு படித்த அரசியல், பொருளாதாரம், சட்டத்தை எங்கே பயன்படுத்தலாம் என்று உட்கார வைத்துப் பேச மாவட்டத்துக்கு ஓர் இடமாவது இருக்க வேண்டும். தோற்றவர் என்ற பட்டத்தோடு ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கும் என்ற பயம்தான் பலரை ஐந்தாவது, ஆறாவது முயற்சிக்குத் தள்ளுகிறது. அதே ஆண்டுகளில் தங்கையின் கல்யாணத்துக்கும் நண்பர்களின் வீட்டு விசேஷங்களுக்கும் போவதைக்கூட அவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்பதற்காக.

பெண்களுக்கு இதே வயதில் இன்னொரு கடிகாரம் ஓடுகிறது. முதுகலை முடிக்கும்போது 22, 23. முனைவர் பட்டம் முடிய 28, 29. இதற்குள் வரன் பார்க்கும் பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகள், முனைவர் பட்டப் படிப்பில் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு அவகாசமும், மகப்பேறு அல்லது குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் கொடுத்தன. மிக நல்ல விதி. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன்கள் சட்டம் ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு தந்தது. 50 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் இருக்கும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு தருகிறது. ஆனால் ஆய்வு மாணவி ஊழியர் கணக்கில் வருவதில்லை. அவருக்கு விடுப்பு கிடைக்கும். விடுப்பு முடிந்து திரும்பும்போது குழந்தையை விட்டுவிட்டு வர ஓர் இடம் கிடைப்பது அரிது. அம்மாவோ மாமியாரோ உடன் இருக்கும் பெண் ஆய்வேட்டை முடிக்கிறார். அந்த உதவி இல்லாதவர் அவகாசத்தை நீட்டித்து நீட்டித்து ஒருநாள் வருவதையே நிறுத்திவிடுகிறார். அசீமா சட்டர்ஜி தன் சொந்த ஏற்பாட்டில் செய்துகொண்டதை, இத்தனை ஆண்டுகள் கழித்தும் நம் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பெண்ணின் சொந்தப் பொறுப்பாகவே வைத்திருக்கின்றன.

வீடுகளும் இதில் மாற வேண்டும். பெண் பார்க்கும் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார், கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கட்டும், எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று பெருந்தன்மையோடு சொல்வதுண்டு. ஆட்சேபனை இல்லை என்பது உதவியாகிவிடாது. அவள் ஆய்வகம் இருக்கும் ஊருக்கு மாப்பிள்ளை மாற்றல் வாங்குவாரா, ஆய்வேடு எழுதும் ஆறு மாதம் சமையலறை யார் பொறுப்பு என்ற கேள்விகளைப் பெண்ணின் பெற்றோர் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். நகைக்கும் மண்டபத்துக்கும் கொடுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் இதற்குப் போதும்.

நெறியாளர்களிடம் எதிர்பார்க்க வேண்டியதும் பெரிதாக ஒன்றும் இல்லை. மாணவரின் கட்டுரையில் குறை இருந்தால் தனியறையில் சொல்வது, சொல்லும்போது அடுத்துப் படிக்க வேண்டியதையும் கையில் கொடுப்பது, கருத்தரங்கில் அவரை யாராவது மட்டம் தட்டினால் எழுந்து பேசுவது. 1935இல் அந்தச் சபையில் ஒரே ஒரு மூத்த இயற்பியலாளர் எழுந்திருந்தால் சந்திரா தன் கண்டுபிடிப்பை விட்டு அவ்வளவு சீக்கிரம் நகர்ந்திருக்க மாட்டார் என்று எண்ணுவது மிகையல்ல.

பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியவற்றில் இரண்டு, புதிய சட்டமோ குழுவோ இல்லாமல் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கக்கூடியவை. ஆய்வு மாணவர்களின் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளும் காப்பகம் ஒவ்வொரு வளாகத்திலும் வேண்டும்; ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் அது பயன்படும் என்பதால் செலவு வீணாகாது. அடுத்தது உதவித்தொகை. மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். தொகை உயர்ந்தது, ஆனால் அது மாதக்கணக்கில் தாமதமாக வருகிறது என்பது ஆய்வு மாணவர்கள் திரும்பத் திரும்ப எழுப்பும் புகார். வீட்டு வாடகைக்கு அப்பாவிடம் கைநீட்ட வேண்டிய 27 வயது ஆய்வாளரிடம் தன்னம்பிக்கை பற்றிப் பேசுவதற்கு முன், ஒன்றாம் தேதி அவர் வங்கிக் கணக்கில் அந்தப் பணம் வந்து சேர வேண்டும். மத்திய அரசிடமிருந்து வரத் தாமதமானால் பல்கலைக்கழகமே தன் நிதியிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு ஈடுசெய்துகொள்ளலாம்.